புது நாய் வந்திருக்கிறதா? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்!

நாய்க்குட்டி வேண்டும் என்று அடம் பிடிக்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? கொடுங்கையூரிலும் பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். முன்பெல்லாம் தெருவில் குட்டி போட்ட நாயிடமிருந்து ஒன்றைத் தூக்கி வந்து, சணல் கயிற்றில் கட்டி, "மணி" என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதோடு சரி. இப்போது காப்பகத்துக்குப் போய், விலாசம் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு நாயைக் கூட்டி வருகிற குடும்பங்களும் இருக்கின்றன. நல்ல காரியம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சீமை நாய் வாங்குவதைவிட, ஆதரவற்ற நாட்டு நாய் ஒன்றுக்கு இடம் கொடுப்பது மேல் என்பதே நம்முடைய கருத்து. நாட்டு நாய் நம் ஊர் வெயிலைத் தாங்கும். மோர்ச் சோற்றையும் மதித்துச் சாப்பிடும்.

ஆனால் இந்த நல்ல காரியம் சில வீடுகளில் எப்படி முடிகிறது தெரியுமா?

முதல் வாரம் வீடெல்லாம் கொண்டாட்டம். இரண்டாம் வாரம் நாய் வாந்தி எடுக்கிறது, அல்லது பேதியாகிறது, அல்லது முதுகில் மயிர் கொட்டிச் சொறிந்துகொண்டே இருக்கிறது. மூன்றாம் வாரம், "சீக்கு நாயை நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. பிறகு ஒரு நாள் இருட்டிய நேரத்தில் நாயைச் சாக்கில் போட்டுக் குப்பைமேட்டுப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளிடம், "அது ஓடிப்போய்விட்டது" என்று ஒரு பொய்.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. செய்கிறவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர்களுக்கு முன்கூட்டியே ஒருவரும் விஷயத்தைச் சொல்லவில்லை. காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு முதல் மாதத்தில் உடம்புக்கு ஏதாவது வருவது சகஜம். அதில் பெரும்பாலானவை தீரக்கூடியவை. தீராத வியாதி ஒன்று உண்டு. அதுவும் ஊசியால் தடுக்கக்கூடியது. இதைத் தெரிந்துகொண்டு நாயைக் கூட்டி வந்தால், மூன்றாம் வாரத்தில் கோபம் வராது.

ஏன் வருகிறது?

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால் வகுப்பில் பாதிப் பேருக்கு வருகிறது அல்லவா? காப்பகமும் அப்படித்தான். வண்டியில் அடிபட்டது, சொறி பிடித்தது, தாயை இழந்த குட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் நாய்கள் அங்கே வந்து சேருகின்றன. 1959-ல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் கிண்டிக்கு அருகே வேளச்சேரி சாலையில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், பல நாய்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒன்றின் மூச்சு மற்றொன்றின்மேல் படத்தான் செய்யும். கிருமி உள்ளே நுழைந்த அன்றே வியாதி வெளியே தெரியாது. சிலவற்றுக்கு நாலு நாள், சிலவற்றுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். அங்கே துள்ளி விளையாடிய குட்டி இங்கே வந்து படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்குப் புது இடம், புது மனிதர்கள், புதுச் சாப்பாடு என்று பயமும் சேர்ந்துகொள்கிறது. மறுவீடு வந்த புதுப்பெண்கூட முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடுவதில்லையே!

ஆகவே காப்பகத்துக்காரரை ஏசிப் பயனில்லை. அவரிடம் கேட்டு வாங்கவேண்டியது ஒரு காகிதம். எந்த ஊசி போட்டார்கள், எந்தத் தேதியில் போட்டார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்களா, கருத்தடை ஆபரேஷன் ஆயிற்றா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச் சொல்லாக, "எல்லாம் போட்டாச்சு" என்றால் போதாது. காதின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தால், கருத்தடை ஆனதற்கு அடையாளம் அது. சண்டையில் கிழிந்த காது என்று நினைத்துவிடாதீர்கள்.

வேப்பேரிக்கு ஒரு நடை

நாயைக் கூட்டி வந்த இரண்டு மூன்று நாட்களுக்குள், அது எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் நல்ல கால்நடை டாக்டர் இருந்தால் அவரே போதும். இல்லாவிட்டால் வேப்பேரி இருக்கவே இருக்கிறது. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் 'டாபின் ஹால்' என்ற சின்னக் கட்டிடத்தில் இருபது மாணவர்களோடு தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்து வரும் இடம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் செலவு குறைவு. உண்மையான செலவு ஆட்டோக் கூலியும், போகிறவரின் அரை நாள் சம்பளமும்தான். அது ஏழைக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வியாதி முற்றிய பிறகு ஐந்து நாள் டிரிப் ஏற்றுவதற்கு அலைவதைவிட இது எவ்வளவோ தேவலை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், புதியதை இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் தனி இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை போதும். தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் வேறாக இருக்கட்டும். பழைய நாயைக் கவனித்துவிட்டுப் பிறகு புதியதைக் கவனியுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வந்த அன்றே குட்டியைக் குழாயடியில் குளிப்பாட்டி நடுங்க வைக்காதீர்கள். அழுக்கு ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

சாப்பாடு விஷயத்தில் தாய்மார்கள் கொஞ்சம் மனதைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். பாவம், பட்டினி கிடந்த ஜீவன் என்று முதல் நாளே பாலும் கறிக்குழம்பும் ஊற்றினால் மறுநாள் பேதிதான். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே சில நாள் கொடுத்து, மெல்ல மெல்ல நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழக்க வேண்டும். காரம் சேர்க்காத கோழிக்கறியும் குழைந்த சோறும் நல்லது. வெந்த கோழி எலும்பு குத்தூசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். நமக்குக் கொடுக்கிற காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் பாதி உடைத்து நாய்க்குக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

உண்ணியும் சொறியும்

நாட்டு நாயோடு கூடவே வருகிற விருந்தாளி உண்ணி. காதுக்குள்ளும், கழுத்து மடிப்பிலும், கால் விரல் இடுக்கிலும் பார்த்தால் தெரியும். ரத்தம் குடித்த உண்ணி ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருக்கும். அதைப் பிய்த்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. ரத்தம் குடித்துக் கீழே விழுந்த பெண் உண்ணி ஒன்று சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்தக் குஞ்சுகள் சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே நாய்க்கு மருந்து போடும் அன்றே அது படுக்கும் இடத்தையும், சுவரையும், கட்டில் சந்துகளையும் சுத்தம் செய்ய வேண்டும். விரிசலைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

உண்ணி ரத்தம் குடிப்பதைவிடப் பெரிய அபாயம், அது விட்டுச் செல்லும் காய்ச்சல். நாய் மந்தமாகப் படுத்திருக்கும். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஈறு வெளுத்துப் போகும். சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். வியட்நாம் யுத்தத்தின்போது, 1960-களின் கடைசியில், அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இந்தக் காய்ச்சலால் மடிந்தன. குண்டுக்குத் தப்பிய நாய்களை உண்ணி கொன்றது! இன்று இதற்கு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. சுமார் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். இரண்டே நாளில் நாய் எழுந்து வாலாட்டும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடியும் வேப்பேரிக்கு ஓடுகிறார்கள்.

அடுத்தது சொறி. வடசென்னையில் தெருவுக்கு ஒரு மெக்கானிக் கடை. சொறி நாயைக் கண்டால், "கறுப்பு ஆயில் தடவு, மூன்றே நாளில் போய்விடும்" என்று யோசனை சொல்ல ஆள் இல்லாமல் போகாது. லாரி இஞ்சினிலிருந்து வடித்த அந்தக் கழிவு ஆயிலில் என்னென்னவோ விஷங்கள் கலந்திருக்கின்றன. தோல் வெந்து போகும். நாய் தன் உடம்பைத் தானே நக்குவதால் வயிற்றுக்குள்ளும் போகும். மண்ணெண்ணெயும் பினாயிலும் அப்படியே. தயவுசெய்து வேண்டாம். சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. டாக்டர் தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எந்த வகைப் பூச்சி என்று கண்டுபிடித்து மருந்து கொடுப்பார். ஒரு வகை, தொட்ட மனிதருக்கும் சில நாள் அரிப்பு உண்டாக்கும். இன்னொரு வகை யாருக்கும் ஒட்டாது. இரண்டும் குணமாகும். நம் கண் முன்னே ஒன்றரை மாதத்தில் மயிர் முளைத்து, அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

வயிற்றுப் புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குட்டியின் வயிறு பானை மாதிரி இருந்தால் கொழுத்திருக்கிறது என்று மகிழ வேண்டாம், புழுவாக இருக்கலாம். டாக்டர் கொடுக்கும் மருந்தை ஒரு தடவை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். முதல் மருந்துக்குத் தப்பியவை அதற்குள் வளர்ந்திருக்கும். நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். கொக்கிப் புழுவின் குஞ்சுகள் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலிலும் நுழைந்துவிடும்.

குட்டிகளைக் கொல்லும் பேதி

குட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டுகிறோம்.

'பார்வோ' என்று ஒரு வியாதி. 1978-ல்தான் உலகம் இதைக் கண்டுகொண்டது. சில வருஷங்களுக்குள் எல்லாக் கண்டங்களுக்கும் பரவிவிட்டது. முதலில் குட்டி சாப்பிடாது. பிறகு வாந்தி. பிறகு ரத்தம் கலந்த, தாங்க முடியாத நாற்றமடிக்கும் பேதி. உடம்பிலுள்ள தண்ணீர் வற்றி, இரண்டு மூன்று நாளில் குட்டி இறந்துவிடும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று காத்திருக்கக்கூடாத வியாதி இது ஒன்று. அன்றைக்கே கொண்டுபோய் டிரிப் ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. இந்தக் கிருமி தரையில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். பினாயிலுக்குச் சாகாது; பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீருக்குச் சாகும். ஒரு குட்டி இறந்த வீட்டில், அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்ய மறு வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டு வந்து, அதுவும் இறந்துபோன கதைகள் உண்டு.

கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்து, இருமி, கடைசியில் வலிப்பு வருகிற 'டிஸ்டெம்பர்' இன்னொரு கொடிய வியாதி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரக் குட்டியாக இருக்கும்போது தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாத வயது ஆகும்வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திக்கொண்டால், தாய்ப்பாலில் வந்த சக்தி அந்த ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடக்கூடும். வளர்ந்த நாய்க்குப் பழைய கணக்குத் தெரியாவிட்டால், போடாததாகவே வைத்துக்கொண்டு டாக்டர் போடுவார்.

கொடுங்கையூர்வாசிகளுக்கு மேலும் ஒரு எச்சரிக்கை. குப்பைமேடும் கால்வாயும் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலக்கிறது. அதைக் குடிக்கும் நாய்க்கும், அதில் புண்ணான காலோடு நடக்கும் மனிதனுக்கும் எலிக்காய்ச்சல் வரும். நாய்க்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் நிறம் மாறினாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த நாயின் சிறுநீரை வெறுங்கையால் துடைக்கக்கூடாது. இதற்கும் ஊசி உண்டு. மழைக்கு முன்பே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

தொண்டையில் எலும்பா?

காப்பகத்து நாய்களுக்குச் சாதாரணமாக வருகிற ஒரு இருமல் இருக்கிறது. எலும்பு சிக்கிக்கொண்டதுபோல வறட்டு இருமலாக இருமும். மற்றபடி நாய் சாப்பிடும், ஓடும், விளையாடும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

ஆனால் வேறு ஒரு வியாதியிலும் எலும்பு சிக்கிய மாதிரியே இருக்கும். வாய் திறந்தபடி தொங்கும். எச்சில் ஒழுகும். தண்ணீரைக்கூட விழுங்க முடியாது. குரல் மாறிவிடும். சாதுவான நாய் உறுமும், அல்லது இருட்டு மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். "ஐயோ பாவம், எலும்பு சிக்கிக்கொண்டது" என்று வாய்க்குள் கையை விட்டவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள். அதுதான் வெறிநோய். இந்த அடையாளம் கண்டால் கிட்டே போகாமல், கதவைச் சாத்திவிட்டு, டாக்டருக்குச் சொல்லியனுப்புங்கள்.

இது எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரே ஒரு நாய் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. பிறகு பரிசோதித்ததில் அதற்கு வெறிநோய் இருந்தது தெரிந்தது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். சந்தேகப்பட்ட நாய்களிடம் கடி வாங்குகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

1885-ல் பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். அவர் பெயரில் 1907-ல் குன்னூரில் ஒரு நிலையம் ஏற்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தாத்தா பாட்டிகள் பயமுறுத்துவார்களே, அது ஆட்டின் மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. அதை நம் நாட்டில் நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில் நாலைந்து ஊசிதான். கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள்.

புது நாய் விளையாட்டாகப் பல் பட்டாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும், ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. மந்திரிப்பதற்கு நேரத்தை வீணாக்கக் கூடாது. நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வடசென்னைக்கு ஸ்டான்லி இருக்கிறது. நாய்க்கு ஊசி போட்டாயிற்றே என்று நாமே தீர்மானம் செய்துகொள்ளாமல் டாக்டரிடம் கேட்டு நடக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: நாய் கடித்தது என்று பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்த தடவை காயத்தை மறைத்துவிடும். மறைத்த காயம்தான் உயிரைக் குடிக்கிறது.

நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் ஒன்று. அதன்பின் வருஷம் ஒன்று. அந்த ஊசி நாய்க்குப் போடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் போடுவதுதான்.

திருப்பி விடலாமா?

ஒரு காலத்தில் சென்னையில் பிடிபட்ட தெரு நாய்களுக்கு முடிவு மரணம்தான். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் அதற்கென்றே ஓர் இடம் இருந்தது. புளூ கிராஸ் 1964 முதல் வலியுறுத்தி வந்த கருத்தடை வழிக்கு 1996-ல்தான் மாநகராட்சி திரும்பத் தொடங்கியது. 2024-ல் எடுத்த கணக்கில் நகரின் தெரு நாய்கள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆகவே காப்பகத்து நாய் ஒன்றைக் கூட்டி வந்த குடும்பம் அந்தக் கணக்கில் ஒன்றைக் குறைத்திருக்கிறது. சீக்கு வந்தது என்று விட்டுவிட்டால் ஒன்று கூடுகிறது. அதுவும் வியாதியோடு கூடுகிறது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் ஏற்கெனவே திரியும் நாய்களுக்கும் அது ஒட்டுகிறது. அங்கே குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடியும் கிடைக்கிறது.

2025 ஆகஸ்டில் டெல்லி தெரு நாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தத்து எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சியும் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்குவதை 2025 கடைசியில் கண்டிப்பாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. வெறிநோய் ஊசிச் சான்று இருந்தால்தான் உரிமம். நாயின் தோலுக்கு அடியில் அரிசி அளவு 'மைக்ரோசிப்' ஒன்றும் வைக்கிறார்கள். அதைக் கருவியால் பார்த்தால் யாருடைய நாய் என்று தெரிந்துவிடும். புளியந்தோப்பில் மாநகராட்சியின் நாய் மையம் இருக்கிறது. கொடுங்கையூரிலிருந்து அதிக தூரம் இல்லை.

உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலைமை சிலருக்கு வரலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார், வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருப்பார். அப்போது நாயை வாங்கிய காப்பகத்துக்கே போய், காரணத்தைச் சொல்லி, காகிதத்தோடு ஒப்படைத்துவிட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வாரம் நாய் கூட்டி வந்தவர்கள் இப்போதே சுவரிலுள்ள தினக்காலண்டரை எடுங்கள். பதினைந்தாம் நாள் தாளில், "பூச்சி மருந்து, இரண்டாம் தடவை" என்று எழுதுங்கள். அடுத்த ஊசி நாளையும் எழுதுங்கள். பிள்ளைக்கு எழுத்துத் தெரிந்தால் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள், பெருமையாக எழுதும். வருஷ ஊசித் தேதி இந்தக் காலண்டரில் அடங்காது. அதற்காக நாயின் ஊசி அட்டையை, ரேஷன் கார்டு வைத்திருக்கிற பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.